கிணற்று மூச்சோடு பவளப்பாறைக்குப் போனேன்

ஒரு மாதம் முழுக்க, தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நேராகக் கொல்லைக்குப் போய், கிணற்றில் இறங்கி மூச்சடக்கிப் பழகினேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன். ஐம்பதை நெருங்கும் ஆள், மீசை பாதி நரைத்தாகிவிட்டது, வேலைக்குப் போகும் பெண் இருக்கிறாள். இத்தனையும் வைத்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் மோட்டார் குழாயைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். பக்கத்துக் கொல்லைக்காரர் கிணற்று மேட்டில் குந்திக்கொண்டு, அவித்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உரித்துத் தின்றபடியே ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நான் மூச்சு முட்டி மேலே வந்து, "எவ்ளோ?" என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் வராது.

"நூத்தி இருவதா, முப்பதான்னு தெர்ல. ஒரு கொட்ட சொத்தையா வந்துச்சி. துப்பிக்கினு இருந்தேன், மறந்துட்டேன்" என்றார் ஒரு நாள்.

"ஏன்யா, இங்க என் உசுரு போய்க்கினு கீது, உனக்குச் சொத்த மல்லாட்ட பெருசாப் போச்சா?"

"யாரு உன்ன உள்ள போய் குந்தச் சொன்னது? பேஜாரு புடிச்ச வேல" என்று அடுத்த கொட்டையை உடைத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகள். சென்னையில் வேலை கிடைத்த முதல் வருஷமே என்னையும் அவள் அம்மாவையும் அந்தமானுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல் போனில் ஒரு வீடியோவும் காட்டினாள். முதுகில் சிலிண்டர், வாயில் ஒரு குழாய், கண்ணையும் மூக்கையும் மூடிய கண்ணாடி. ஒரு அம்மாள் பவளப்பாறைக்கு மேலே நிதானமாக மிதந்துகொண்டிருந்தார். சுற்றி மீன்கள்.

"ஸ்கூபாப்பா. மொத மொத எறங்குறவங்களுக்குன்னே வச்சிருக்காங்க. நீச்சல் தெரியாதவங்களே போறாங்க. நீ பெரிய கெணத்து ஆளாச்சே, உனக்கு இன்னா?" என்றாள்.

பெரிய கிணற்று ஆள் என்று அவள் கேலியாகச் சொன்னாளோ என்னவோ, நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. திண்டிவனத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. ஆனால் இந்தப் பக்கம் பிரம்மதேசம் வரைக்கும் என்னைக் கடையை வைத்துத் தெரிந்தவர்கள் கம்மி. கிணற்றில் இறங்குகிறவன் என்றுதான் தெரியும். மோட்டார் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட் வால்வு சேற்றில் மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார்கள். பித்தளைக் குடம் விழுந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். போன் விழுந்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள், அடுத்தவர் போனிலிருந்து. ஒரே முங்கு, கையில் பொருளோடு வெளியே வருவேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே உண்டு.

சிலிண்டர்தான் இருக்கிறதே, மூச்சை எதற்கு அடக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். மெஷின் என்றால் ரிப்பேர் ஆகாமல் இருக்குமா? முப்பது வருஷமாக ரிப்பேரான மோட்டாரையே பார்த்து வாழ்கிறவன் நான். கடலுக்கடியில் சிலிண்டர் மக்கர் பண்ணினால் எனக்கென்று சொந்தமாக ஒரு ரெண்டு நிமிஷம் மூச்சு கையிருப்பு வேண்டாமா? இதை அவளிடம் விளக்கமாகச் சொன்னேன். அவள் புளியைக் கரைத்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாததா" என்றாள். அந்த வார்த்தையை அவள் எப்போது சொன்னாலும் நான் உஷாராகிவிட வேண்டும். இருபத்துநாலு வருஷமாக ஆனதில்லை.

என் மனைவி கோலியனூர்க்காரி. எதற்கும் பயப்படாதவள். பாம்பை விளக்குமாற்றால் விரட்டுவாள், கரண்ட் ஆபீஸில் போய்ச் சண்டை போடுவாள். தண்ணீர் மட்டும் ஆகாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் முகம் வெளுத்துவிடும். மாசி மகத்துக்கு மரக்காணம் பக்கம் கடற்கரைக்குப் போனால், சாமியே கடலில் இறங்கும், இவள் இறங்கமாட்டாள். காய்ந்த மணலில் செருப்புகளுக்குக் காவலாக நிற்பாள். நான் ஈரத்தோடு போய், "வா, நான் புடிச்சிக்கிறேன்" என்று கையை நீட்டினால், தன் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

அதற்குக் காரணம் நான்தான். கல்யாணமான மூன்றாவது மாதம். எங்கள் பக்கம் நீச்சல் கற்றுக்கொடுக்க ஒரே முறைதான் உண்டு. காலியான எண்ணெய் கேனை மூடி இறுக்கி முதுகில் கயிற்றால் கட்டு, கிணற்றுப் படியில் நிறுத்து, தள்ளு. மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். என்னை அப்படித்தான் தள்ளினார்கள். மல்லாட்டை தின்கிற பக்கத்துக் கொல்லைக்காரரையும் அப்படித்தான் தள்ளினார்கள். ஆகவே எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. புதுப்பெண்டாட்டியைக் கிணற்றங்கரைக்குக் கூட்டிப்போய், கேனைக் கட்டி, "வேணாங்க, வேணாங்க" என்று அவள் சொல்லச் சொல்ல ஜல்தியாக ஒரு தள்ளு. நான் போட்ட முடிச்சு அவிழ்ந்துகொண்டது. கேன் ஒரு பக்கம் மிதந்தது, அவள் இன்னொரு பக்கம் முங்கினாள். மறுநொடியே குதித்துக் கொண்டையைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டேன். என் பங்காளிப் பையன்கள், விருந்துக்கு வந்திருந்த அவள் அண்ணன் எல்லாரும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. நாலு நாள் பேசவில்லை. நாலு நாளும் குழம்பில் உப்பில்லை.

இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாணப் பந்தி கிடையாது. கேன் ஒரு பக்கம், என் வீட்டுக்காரி ஒரு பக்கம் என்று கையை விரித்து நடித்துக் காட்டுவேன். வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறிக்கொண்டவர்கள் உண்டு. அவள் மட்டும் இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள்.

வெளியே நடித்துக் காட்டினேனே தவிர உள்ளுக்குள் எனக்கு உறுத்தல்தான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமில்லை. ஊருக்கெல்லாம் கிணற்றில் இறங்கிக் கொடுக்கிறவன் நான்; சொந்தப் பெண்டாட்டி தண்ணீரில் என் கையைத் தொடமாட்டேன் என்கிறாள். அந்தமான் என்றதும் எனக்குத் தோன்றியது அதுதான். நீச்சல் தெரியாதவர்கள்கூடப் போகலாம் என்கிறார்கள். இவளை எப்படியாவது சம்மதிக்கவைத்து, கையைப் பிடித்து, ஒரே ஒரு தடவை உள்ளே கூட்டிப்போய்ப் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். மீனும் வேண்டாம், பவளமும் வேண்டாம். அவள் என்னை நம்பித் தண்ணீரில் இறங்க வேண்டும். அதற்காகத்தான் அந்த மூச்சுப் பயிற்சியும். நான் கெட்டியாக இருந்தால்தானே அவளைப் பிடிக்க முடியும்?

புறப்படுவதற்கு முன் அமாவாசைக்கு என் மனைவி மேல்மலையனூர் கோயிலுக்குப் போய், குங்குமப் பொட்டலத்தோடு வந்தாள். விமானத்தில் தைரியமாக உட்கார்ந்தாள். அங்கே இறங்கி இன்னொரு தீவுக்குப் போகும் கப்பலில் மட்டும் ஜன்னல் வேண்டாம் என்று சொல்லி நட்டநடுவில் ஒரு சீட் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "நீ எறங்க வேணாம், கரையில குந்திக்கினு வேடிக்க பாரு" என்றாள் மகள்.

டைவ் கற்றுக்கொடுக்கும் இடம் கடற்கரையிலேயே ஒரு கொட்டகை. எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பெண். இருபத்தைந்து வயசு இருக்கும். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வெயிலில் முடி செம்பட்டையாகியிருந்தது. ஆஸ்துமா உண்டா, நெஞ்சுவலி உண்டா, காதில் ஆபரேஷன் பண்ணியிருக்கிறதா என்று ஒரு படிவம் முழுக்கக் கேள்வி. எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கொடுத்தேன். "ஸ்விம்மிங் தெரியுமா அங்கிள்?" என்றாள். நான் மீசையைத் தடவிக்கொண்டு, "கெணத்துல ரெண்டு நிமிஷம் தம் கட்டுவேம்மா" என்றேன். அவள் முகத்தில் ஒரு சிறு கவலை தெரிந்தது. பொறாமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் மனைவி முன்னால் வந்தாள். "ஏம்மா, நீ தள்ளி உடுவியா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"ஐயோ ஆண்ட்டி, நாங்க யாரையும் தள்ளமாட்டோம். முட்டியளவு, இடுப்பளவுன்னு நீங்களா நடந்து வருவீங்க. வேணாம்னு கையக் காட்டினா அந்த நிமிஷமே மேல கூட்டிட்டு வந்துருவேன்."

"அப்ப நானும் எறங்குறேன்" என்றாள் என் மனைவி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதமாக எப்படிச் சம்மதிக்கவைப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாளே! "வா வா, நான் கையப் புடிச்சிக்கிறேன், நீ ஒண்ணியும் பயப்படாத" என்று ஓடினேன்.

"உங்க கூட இல்லீங்க. இந்தப் பொண்ணு கூட."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் இந்த நூல் வேண்டாம், அந்த நூல் கொடு என்பதுபோலச் சொன்னாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் அந்தப் படிவத்தை மறுபடி எடுத்துப் படிப்பதுபோல் நின்றேன்.

அதன் பிறகு உடை மாட்டும் வைபவம். ரப்பர் மாதிரி கறுப்புத் துணி, கழுத்திலிருந்து தொடைவரைக்கும். தொடையில் நுழைந்தது, வயிற்றுக்கு வந்ததும் நின்றுவிட்டது. கொட்டகையில் இருந்த ஓர் ஆள் முதுகில் கால் முட்டியைக் கொடுத்து ஜிப்பை இழுத்தார். வெளியே வந்தால் என் மனைவி, வாழ்நாளில் புடவையைத் தவிர வேறொன்றும் உடுத்தாதவள், அதே உடையில் ஜம்மென்று நிற்கிறாள். தாலிச் சரட்டை உள்ளே தள்ளி ஜிப் போட்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒண்ணியும் சொல்லாதீங்க" என்றாள்.

நெஞ்சளவு தண்ணீரில் பாடம் ஆரம்பித்தது. "ஒரே ஒரு முக்கியமான விதி" என்றாள் அந்தப் பெண். "மூச்ச அடக்கவே கூடாது. இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க. கீழ அடக்கி வச்ச காத்து மேல வர வர விரியும். நுரையீரல் தாங்காது. என்ன ஆனாலும் மூச்சு ஓடிட்டே இருக்கணும்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மாதம். தினமும் சாயங்காலம். அந்த மனுஷர் தின்ற மல்லாட்டை மட்டும் ஒரு மூட்டை இருக்கும்.

சரி, விதி புரிந்துவிட்டது. காற்று விரிகிற கதையெல்லாம் பம்புசெட்டுக்காரனுக்குப் புதுசா? வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு முட்டி போட்டு முங்கினேன். முகத்தில் தண்ணீர் பட்டதுதான் தாமதம், நெஞ்சு டப்பென்று பூட்டிக்கொண்டது. இழு என்கிறது மூளை. தண்ணீருக்குள் எவனாவது மூச்சிழுப்பானா என்கிறது நெஞ்சு. நாற்பது வருஷப் பழக்கம், லேசில் திறக்குமா? அந்தப் பெண் எதிரில் முட்டி போட்டுக்கொண்டு என் தலைக்கு மேலே பார்க்கிறாள். மற்றவர்கள் மூச்சு விட்டால் குமிழி குமிழியாக மேலே போகிறது. என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நெஞ்சைத் தட்டி, விடுங்கள் என்று கையைக் காட்டினாள். நான் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கையிருப்பு தீர்ந்ததும், வாயிலேயே காற்றுக் குழாய் இருப்பதை மறந்து அதைத் துப்பிவிட்டு, கிணற்றிலிருந்து வருவதுபோல ஒரே எவ்வு எவ்வி மேலே வந்தேன். வந்த வேகத்தில் ஒரு வாய் உப்புத் தண்ணீர். இருமல், மூக்கில் ஒழுகல், மீசையெல்லாம் கோழை.

கரையில் நின்ற டூரிஸ்டுகள் சிரித்தார்கள். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிலிண்டர் தூக்கிவந்த ஆட்களும் சிரித்தார்கள், ஏன், அந்தப் பெண்ணே உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மானம் கப்பலேறிவிட்டது. யார்தான் சிரிக்கமாட்டார்கள்? அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது என் மனைவி ஒருத்திதான் சிரிக்காமல் நின்றாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது, இனி இறங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் அதே கூத்து. மீசையால் கண்ணாடி ஒட்டாமல் தண்ணீர் வேறு கசிந்தது. அதற்கு வாசலின் பூசிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண், "அங்கிள், உங்களுக்கு நீச்சல் ரொம்ப நல்லாத் தெரியுது. அதுதான் பிரச்சன. கொஞ்சம் உக்காருங்க" என்றாள்.

அடுத்தது என் மனைவி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். இழு என்றால் இழுத்தாள், விடு என்றால் விட்டாள். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊது என்றால் ஊதினாள். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் மூக்கால் காற்றை விட்டு வெளியேற்ற வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறையே செய்துவிட்டாள். அவள் தலைக்கு மேலே குமிழிகள், பானையில் சோறு கொதிக்கிற மாதிரி நிதானமாக வந்துகொண்டிருந்தன. எனக்குச் சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

படகில் பாறை இருக்கும் இடத்துக்குப் போனோம். கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். மகளும் நானும் படகில். என் மனைவி ஏணியைப் பிடித்துப் படிப்படியாக இறங்கினாள். அந்தப் பெண் பின்னால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது என் மனைவி ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, சரி என்று சைகை காட்டினாள். எனக்கல்ல, அந்தப் பெண்ணுக்கு. அப்புறம் தலை மறைந்துவிட்டது.

ஐயோ, அந்த இருபது நிமிஷம்! ஆழ்கிணறு எத்தனையோ இறங்கியிருக்கிறேன்; ஆனால் தண்ணீருக்கு மேலே நின்று ஒருவருக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எப்போதும் உள்ளே இருப்பவன் நான்தானே. படகின் விளிம்பில் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டு குமிழிகளையே பார்த்தேன். ஒரு கொத்து வரும், நிற்கும், இன்னொரு கொத்து வரும். நிற்கும்போதெல்லாம் நான் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். "ப்பா, அது மூச்சு இழுக்குற நேரம்பா" என்று மகள் தோளைத் தட்டினாள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

மேலே வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். நெற்றியில் அது அழுத்திய தடம். படகில் ஏறும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, உள்ள ஒரு ஊரே கீதுங்க! முறுக்கு சுத்தி வச்ச மாதிரி பாற, குண்டு குண்டா. பச்சையும் ரோஸும் கலந்து ஒரு மீனு, கிளி மூக்கு மாதிரி வாயி, பாறைய நறுக் நறுக்குன்னு கடிக்குது. சத்தம் காதுல கேக்குது, சத்தியமா! அப்புறம் கடல் சாமந்தியாம், இந்தப் பொண்ணு இப்ப சொல்லுச்சி பேரு. பூ மாதிரி ஆடிக்கினே கீது, அதுக்குள்ள ஆரஞ்சு கலர்ல சுண்டுவெரலு தண்டி மீனு. கிட்ட போனா மொறைக்குது, எங்க வீட்டுக்கு எவடி வந்ததுன்னு. எனக்கு சிரிப்பு வந்துச்சி, சிரிச்சா தண்ணி உள்ள போயிடும்னு அடக்கிக்கினேன்."

இப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. பேச்சு ஓயட்டும் என்று காத்திருந்தேன். மகள் படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். என் மனைவிக்குத் துண்டைக் கொடுத்துவிட்டு, அந்தக் குமிழிகளைப் பார்த்தபடி படுத்திருந்தபோதே முடிவுசெய்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கு உன்னக் கெணத்துல தள்ளனது தப்புதான். மனசுல வச்சிக்காத."

அவள் தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். "தள்ளனதா?" என்றாள். "தள்ளனது போச்சு போங்க. உங்க ஊருல எல்லாரையும் அப்படித்தான தள்றாங்க. முடிச்சு அவுந்ததுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க. ஜல்தியா குதிச்சித் தூக்கவும் தூக்கிட்டீங்க."

"அப்ப இன்னா?"

"சிரிச்சீங்க."

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு உசுரு போயி வந்துச்சி. கண்ணத் தொறந்தா மொத மொத உங்க மூஞ்சிதான். பல்லு தெரியச் சிரிச்சிக்கினு இருந்தீங்க. எங்க அண்ணன் எதுர்ல. அப்புறமும் போற எடமெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க. எனக்குத் தண்ணி மேல பயம் இல்லீங்க. தண்ணியில என்னிய முக்கிட்டு யாராவது சிரிப்பாங்களோன்னுதான்."

ஒரு தமாஷ் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழக்கதோஷம், எதற்கும் ஒரு தமாஷ் வந்துவிடும். நல்லவேளை வாயை மூடிக்கொண்டேன். நான் சிரித்தது எனக்கு ஞாபகமே இல்லை. இருபத்துநாலு வருஷமாகக் கேனையும் கயிற்றையும் அவிழ்ந்த முடிச்சையும் ஞாபகம் வைத்திருக்கிறேன், என் மூஞ்சி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் கோழை ஒழுக இருமியபோது இவள் ஒருத்தி ஏன் சிரிக்காமல் நின்றாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கடல் தண்ணீர் என்று சமாளித்தேன்.

"சிரிச்சது தப்பும்மா" என்றேன்.

அவள் துண்டை உதறி மடித்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, இவருக்கு இன்னொரு வாட்டி சொல்லிக் குடுக்க முடியுமா? நான் எதுர்ல நிக்கிறேன்" என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி நெஞ்சளவு தண்ணீர். என் மனைவி எனக்கு எதிரே முட்டி போட்டுக்கொண்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளாகத்தான் பிடித்தாள். உள்ளே போனதும் நெஞ்சு வழக்கம்போலப் பூட்டிக்கொண்டது. அவள் என் தலைக்கு மேலே பார்த்தாள். குமிழி இல்லை. கையை ஓர் அழுத்து அழுத்தினாள், சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல. அவள் மூச்சை விட்டாள், அவள் குமிழி மேலே போனது. மறுபடி அழுத்தினாள். வருவது வரட்டும் என்று நான் மூச்சை விட்டேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். தண்ணீர் வரவில்லை, காற்றுதான் வந்தது. வறண்ட, ரப்பர் வாசனை அடிக்கிற காற்று. தண்ணீருக்குள் நான் இழுத்த முதல் மூச்சு அது. அவள் அழுத்தினால் விடுவேன், தளர்த்தினால் இழுப்பேன். கொஞ்ச நேரத்தில் அவள் அழுத்துவதை மறந்துவிட்டாள், நானும் அதைக் கவனிக்கவில்லை.

பாறைக்குப் போனபோது என் சிலிண்டரை ஓர் ஆள் பிடித்துக்கொண்டார், அவளுடையதை அந்தப் பெண். நாங்கள் இரண்டு பேரும் நடுவில் கை கோத்துக்கொண்டு. கையைப் பிடித்து அவளுக்குக் காட்டப்போகிறேன் என்று கிளம்பியவன் நான்; அவள்தான் எனக்குக் காட்டினாள். இதோ முறுக்குப் பாறை, இதோ கடல் சாமந்தி. அந்த ஆரஞ்சு மீன் என்னையும் முறைத்தது. கிளி மூக்கு மீன் கடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. கேட்டதும் நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாக, நான் சொன்னேன் பார்த்தீர்களா என்றது. ஒரு நீல உதட்டுச் சிப்பி நாங்கள் கிட்டே போனதும் வாயை மூடிக்கொண்டது. எனக்கும் அதுதான் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே போகலாம் என்று சைகை வந்தது. மெதுவாக, மூச்சை விட்டுக்கொண்டே ஏறினோம். வெளிச்சம் கிட்டே வர வர எனக்கு ஒன்று தோன்றியது. தலையை வெளியே நீட்டியதும் இவள் முதலில் பார்க்கப்போவது என் மூஞ்சியைத்தான். அதை எப்படி வைத்துக்கொள்வது? சிரிக்கக் கூடாது, அது நிச்சயம். அழுதால் கிண்டல் பண்ணுவாள். ஒழுங்கான ஒரு மூஞ்சியை யோசித்து முடிப்பதற்குள் தலை வெளியே வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினேன். மீசையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. நான் வைத்துக்கொள்ள நினைத்த மூஞ்சி ஒன்றும் வரவில்லை. என்ன வந்ததோ எனக்குத் தெரியாது.

அவள் தன் கண்ணாடியை ஏற்றி, கண்ணைச் சிமிட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, என்னை உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். கழுத்தளவு கடலில், ஆடி ஆடி, வாய் கொள்ளாமல் சிரித்தாள். தண்ணீருக்குள் இருந்தபடி அவள் சிரித்ததை இருபத்துநாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள், சந்தேகமே இல்லை. ஒரு சின்ன அலை வந்து அவள் வாயிலேயே அடித்தது. புரையேறி இருமினாள். கையை விடவில்லை.